முதல் விருப்பக் கல்லூரி யாருக்குக் கிடைக்கிறது? சேர்க்கை விதிகளின் நூறாண்டு வரலாறு

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் தெருக்களில் ஒரே கேள்விதான் சுற்றிவரும். "அண்ணே, கட்-ஆஃப் 172. எஸ்.சி. எனக்குக் கிண்டி கிடைக்குமா?" "அக்கா, அரசு மருத்துவக் கல்லூரியில வாய்ப்பு இருக்கா?" நாமும் போன வருடப் பட்டியலைத் திறந்து, அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணைப் பார்த்து, "இருக்கு", "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று ஏதோ ஒரு பதில் சொல்கிறோம்.

அந்தப் பதில் தேவைதான். ஆனால், அதோடு நிறுத்திக்கொண்டால் வாய்ப்பு என்பது மதிப்பெண்ணும் அதிர்ஷ்டமும் சேர்ந்த கணக்கு என்றுதான் நம் பிள்ளைகள் நம்புவார்கள். எந்தத் தேர்வின் மதிப்பெண் கணக்கில் வரும், எத்தனை இடங்கள் யாருக்கு, யாரை முதலில் கூப்பிடுவார்கள், கட்டணத்தை யார் கட்டுவார்கள் என்பதையெல்லாம் யாரோ எழுதிய விதிகள் முடிவு செய்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றின் மீதும் இந்த மண்ணில் சண்டை நடந்திருக்கிறது. சிலவற்றில் நாம் வென்றோம். சிலவற்றில் நம்மைக் கேட்காமலேயே முடிவெடுத்தார்கள். இந்த வரலாறு தெரிந்தால்தான் "எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்கும் மாணவருக்கு நம்மால் முழுமையான பதில் சொல்ல முடியும்.

வாயிலுக்கு வரவே முடியாத காலம்

விருப்பம் என்ற சொல்லுக்கே நம் வரலாற்றில் இடம் இருந்ததில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் பள்ளி மாணவராக இருந்தபோது சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத பிள்ளைக்கு அது கற்றுத்தரப்படாது என்று மறுக்கப்பட்டதால் பாரசீகம் படித்தார். அவருடைய முதல் விருப்பம் நிராகரிக்கப்பட்டதற்கும் மதிப்பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் படிப்பைத் தொடர முடிந்தது பரோடா மன்னரின் உதவித்தொகையால். 1913-ல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதே பரோடா அரசின் உதவியால்தான்.

ஒரு மன்னரின் நல்ல மனதை நம்பி ஒரு சமூகம் முழுதும் படித்துவிட முடியாது என்பதைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர் அவர். 1942-ல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு அளித்தார். உயர்கல்விக்கான அரசு நிதி அதில் முக்கியமான கோரிக்கை. 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இன்று நாம் 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' என்று சொல்லும் திட்டம் அதுதான். நாடு விடுதலை பெறுவதற்கு 3 ஆண்டுகள் முன்பே, அரசியல் சட்டம் எழுதப்படும் முன்பே வந்த உரிமை அது. அதைச் சலுகை என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

12-ல் 1, 14-ல் 2

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ அரசாணையை நீதிக்கட்சி ஆட்சி 1921-ல் கொண்டுவந்தது. 1920-களின் இறுதியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அரசு வேலையில் 12 இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1.

இந்தக் கணக்கை இருவிதமாகவும் பார்க்க வேண்டும். ஒரே சாதி நிரம்பி வழிந்த அலுவலகங்களின் கதவை அது திறந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், திறந்த கதவில் நமக்கு ஒதுக்கப்பட்டது 12-ல் 1. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923-லேயே நீதிக்கட்சியை விட்டு வெளியேறியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். 'பிராமணரல்லாதார்' என்ற பெரிய பெயருக்குள் நம் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

விடுதலைக்குப் பிறகு இந்த விகிதம் திருத்தப்பட்டது. மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 1950-ல் இருந்த கணக்கு இது: ஒவ்வொரு 14 இடங்களுக்கும் பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர்கள் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்கள் 1, முஸ்லிம்கள் 1. 14-ல் 2 என்றால் 100-க்கு 14 சொச்சம். அந்த 2 இடமும் இருந்ததால்தான், சேரியிலிருந்து இன்டர்மீடியட் முடித்து வந்த ஒரு மாணவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் பெயரை விண்ணப்பத்தில் எழுத முடிந்தது.

விண்ணப்பிக்காமலே வென்ற வழக்கு

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களிலேயே இந்த அரசாணையை எதிர்த்து இரண்டு வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஒன்று மருத்துவம் படிக்க விரும்பிய செண்பகம் துரைராஜன் தொடுத்தது. மற்றொன்று பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்த சீனிவாசன் தொடுத்தது. சீனிவாசன் விருப்பப் பாடங்களில் 450-க்கு 369 எடுத்தவர். இருவரும் பிராமணர்கள்.

செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்துப் பார்த்ததில் பிராமணர் என்பதால் தனக்கு இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாக அவர் தெரிவித்தார். நீதிமன்றத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. "கிடைக்காது என்று தெரிந்ததால் விண்ணப்பிக்கவில்லை" என்று சொல்லக்கூடியவர்கள் அந்த ஆண்டில் நம் சேரிகளில் எத்தனை ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள்! அவர்களில் ஒருவருக்கும் நீதிமன்றத்தின் கதவு தெரியாது.

உயர் நீதிமன்றம் 1950 ஜூலையில் அரசாணையைச் செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீட்டுக்கு அரசியல் சட்டத்தில் 16(4) இருக்கிறது, கல்வியில் அப்படி ஒரு பிரிவு இல்லை, ஆகவே சாதி அடிப்படையில் இடம் மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பிலேயே இன்னொரு விவரமும் இருக்கிறது. அப்போது மாகாணத்தின் 4 அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து மொத்தம் 330 இடங்கள். அவற்றில் 17 இடங்கள் வெளிமாநில மாணவர்களுக்கு. 12 இடங்கள் அரசு தன் விருப்பப்படி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பொறியியலிலும் அதேபோல் 12 விருப்ப இடங்கள். அரசின் விருப்பத்துக்கு விட்ட இடங்களை எதிர்த்து யாரும் வழக்குப் போடவில்லை. சேரிப் பிள்ளைக்கான 2 இடங்களும் இருந்த அரசாணைதான் சமத்துவத்துக்கு விரோதமாகத் தெரிந்தது. சிபாரிசு இடம் யாருடைய கண்ணையும் உறுத்தவில்லை. இந்த வழக்கத்தை நாம் இன்றுவரை பார்க்கிறோம். மேலாண்மை ஒதுக்கீட்டில் பணம் கொடுத்து வாங்கும் இடத்தைப் பற்றி 'தகுதி' பேசுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

தீர்ப்புக்கு எதிராகத் தமிழ்நாட்டில் பெரியார் பெரும் கிளர்ச்சி நடத்தினார். நாடாளுமன்றத்தில் சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் தீர்ப்பை விமர்சித்துப் பேசினார். 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி 15(4) சேர்க்கப்பட்டது. கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுக்கு வந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரி இடத்தின் சட்ட அடித்தளமும் இந்தத் திருத்தத்திலிருந்துதான் வருகிறது.

பிறந்த ஊரும் பேசும் ஆங்கிலமும்

திருத்தத்துக்குப் பிறகு சண்டை வேறு விதிகளுக்கு நகர்ந்தது. 1960-களில் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் விதி இருந்தது. 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு மாவட்டத்தில் அதிக மதிப்பெண் எடுத்தவர் வெளியே நிற்க, இன்னொரு மாவட்டத்தில் குறைந்தவர் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்றது. மாவட்டவாரியாகப் பிரிக்காவிட்டால் சென்னை நகர மாணவர்களே அதிக இடங்களைப் பிடித்துவிடுவார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம். அதாவது மதிப்பெண்ணுக்குள் ஊரும் பள்ளியும் வசதியும் கலந்திருக்கின்றன என்று அரசே அன்று சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அடுத்தது நேர்காணல். 1970-ல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நேர்காணலில் 75 மதிப்பெண் வரை போட்டார்கள். விளையாட்டு, தேசிய மாணவர் படை, பிற சேவைகள், உடல் தகுதி, பொதுத்திறன், நாட்டம் என்ற தலைப்புகளில் ஒவ்வொருவரையும் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு மதிப்பெண் தரப்பட்டது. அறைக்குள் நுழையும் விதம், உடை, ஆங்கில உச்சரிப்பு, அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்விக்கான பதில் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நேர்காணல் முறையைக் கடுமையாக விமர்சித்தது. மருத்துவக் கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து ஒவ்வொரு அலகிலும் தனித்தனிக் குழு தேர்ந்தெடுத்ததையும் ரத்து செய்தது. ஆனால், இட ஒதுக்கீடு செல்லும் என்றது. பத்தாண்டு கழித்து, காஷ்மீர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், நேர்காணலுக்கு மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது தன்னிச்சையானது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

முகம் பார்த்து மார்க் போடும் முறை ஒழிந்தது நமக்குப் பெரிய வெற்றி. மதிப்பெண்ணையும் இட ஒதுக்கீட்டையும் மட்டும் வைத்து இடம் கொடுக்கும் இன்றைய கலந்தாய்வு முறையை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1997-ல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறையைக் கொண்டுவந்தது. தரவரிசைப்படி கூப்பிட்டு, காலியிடங்களைத் திரையில் காட்டி, நீயே தேர்ந்தெடு என்றார்கள். கூலி வேலை செய்யும் அப்பாவோடு வந்த பிள்ளை எந்த சிபாரிசும் இல்லாமல் தனக்கு வேண்டிய கல்லூரியைச் சொல்ல முடிந்தது.

18 என்ற எண்

பட்டியல் சாதி, பழங்குடியினர் இருவருக்கும் சேர்த்து 1954-ல் இருந்து 16 சதவீதம். 1971-ல் அது 18 ஆனது. 1990-ல் பழங்குடியினருக்குத் தனியே 1 சதவீதம் பிரிக்கப்பட்டது. மொத்த இட ஒதுக்கீடு 69 சதவீதமானது. 1992-ல் மண்டல் வழக்கில் 50 சதவீத வரம்பு வந்தபோது, தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றி, 1994-ல் அரசியல் சட்டத்தின் 76-வது திருத்தம் மூலம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக்கொண்டது.

இதில் கவனியுங்கள். 1971-ல் வந்த 18 இன்றும் 18. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். சமூகநீதியின் முன்னோடி மாநிலம் என்ற பெருமையை மேடையில் கேட்கும்போதெல்லாம் இந்த 2 சதவீதத்தை நாம் நினைவூட்ட வேண்டும். ஒவ்வொரு 100 இடத்துக்கும் 2 இடம் என்றால் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளின் கல்லூரி.

நமக்குள்ளேயும் ஒரு பங்குக் கேள்வி இருந்தது. அருந்ததியர் மக்கள் நீண்ட காலம் போராடி 2009-ல் 18-க்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு பெற்றார்கள். அதை எதிர்த்து வழக்குகள் போனாலும், உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 12-ல் 1 என்று நமக்குக் கொடுத்தபோது நாம் கேட்ட அதே கேள்வியைத்தான் அருந்ததியர் நம்மிடம் கேட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

மத்திய நிறுவனங்களின் கதை இன்னும் மோசம். சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் தொடங்கியது. ஐ.ஐ.டி.களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு வந்தது 1973-ல். 15(4) வந்து 22 ஆண்டுகள் கழித்து.

அதிக மதிப்பெண் எடுத்தால் தண்டனையா?

முதல் விருப்பக் கல்லூரி என்ற கேள்விக்கு மிக நெருக்கமான தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நம் மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். பட்டியல் சாதி மாணவி ஒருவர் நல்ல மதிப்பெண் எடுத்துப் பொதுப் பட்டியலிலேயே தகுதி பெறுகிறார். அவருடைய முறை வரும்போது, அவர் விரும்பிய கல்லூரியில் பொது இடங்கள் தீர்ந்துவிட்டன. தூரத்துக் கல்லூரியில் மட்டுமே பொது இடம் இருக்கிறது. "நீ பொதுப் பட்டியலில் வந்தவள், அங்கே போ" என்கிறார்கள். அவரைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த இன்னொரு பட்டியல் சாதி மாணவர், பிறகு வந்து, அவர் விரும்பிய அதே கல்லூரியில் எஸ்.சி. இடத்தைப் பெறுகிறார். அதிகம் படித்ததற்கு முதல்வருக்குக் கிடைத்தது தண்டனை.

1996-ல் ரித்தேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தீர்வு சொன்னது. மகாராஷ்டிர மருத்துவச் சேர்க்கை தொடர்பான வழக்கு அது. பொதுப் பட்டியலில் தகுதி பெற்ற இட ஒதுக்கீட்டு மாணவர், தன் பிரிவுக்கு ஒதுக்கிய இடம் இருக்கும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், ஒதுக்கீட்டு சதவீதத்தைக் கணக்கிடும்போது அவர் பொதுப் பட்டியலில் சேர்ந்தவராகவே கருதப்பட வேண்டும். 2018-ல் திரிபுராரி சரண் வழக்கில் இதை இன்னும் தெளிவாக்கினார்கள். அவர் விட்டுச் சென்ற பொது இடம், அவரால் இடத்தை இழந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் மாணவருக்குப் போக வேண்டும்.

இதன் பொருள் எளியது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் பொதுப் போட்டியில் வென்றால் 18 குறையக் கூடாது. பொதுப் பட்டியல் என்பது எந்தச் சாதிக்கும் எழுதிவைத்த சொத்து இல்லை. எந்தக் கல்லூரியாவது, எந்தத் துறையாவது, முதலிடத்தில் வந்த எஸ்.சி. மாணவரை எஸ்.சி. கணக்கில் எழுதி இடத்தை மூடினால், அது உரிமைத் திருட்டு. சேர்க்கைப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி இதைச் சரிபார்ப்பது மாணவர் அமைப்புகளின் வேலை.

தேர்வை மாற்றினால் தகுதியும் மாறும்

1980-களின் நடுவில் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர, பயிற்சி மையங்கள் பெருகின. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு வருட கோச்சிங். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி வாத்தியார் மட்டும், அதுவும் அந்தப் பாடத்துக்கு ஆள் போட்டிருந்தால். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையின் பேரில் சட்டம் இயற்றப்பட்டு, 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. அதன்பின் சுமார் பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல்.

பிறகு நீட். 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016-ல் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2016-ல் மாநில இடங்களுக்கு ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017-ல் விலக்கு வரும் வரும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 22-ல் நீட் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடத்த உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. மருத்துவ கட்-ஆஃப் 200-க்கு 196.75. பழைய விதிப்படி அவருக்கு மருத்துவ இடம் உறுதி. நீட்டில் அவர் பெற்றது 720-க்கு 86. ஒரே பெண், ஒரே மூளை, ஒரே வருடம். அளவுகோலை மாற்றியதும் 'மிகத் தகுதியானவர்' 'தகுதியற்றவர்' ஆனார். உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 2017 செப்டம்பர் 1-ல் அவரை இழந்தோம்.

அவர் பெயரைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் தோழர்களே: எந்தக் கல்லூரி இடமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. அநீதியான விதியை எதிர்த்து நிற்க நம் பிள்ளைகள் உயிரோடு வேண்டும். உங்கள் தெருவில் முடிவு வந்த நாளில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய்ப் பேசுங்கள். அதுவும் இயக்க வேலைதான்.

2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் அது நீண்டது. ஊரும் பள்ளியும் மதிப்பெண்ணை நிர்ணயிக்கின்றன என்ற பழைய உண்மையை, 1968-ல் நீதிமன்றம் ஏற்க மறுத்ததை, அரை நூற்றாண்டு கழித்து வேறு வடிவத்தில் சட்டமாக்க வேண்டியிருந்தது.

இடம் கிடைத்தும் சேர முடியாதவர்கள்

1980-களில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. இடங்கள் பல மடங்கானது உண்மை. கட்டணமும் பல மடங்கானது. கலந்தாய்வில் இடம் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள், கட்டணச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 2012-ல் வந்த அரசாணை 92 இதற்கு ஒரு முக்கியமான பதில். ஆண்டு வருமான வரம்புக்குள் உள்ள குடும்பத்துப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால், நிர்ணயித்த கட்டணத்தை அரசே ஏற்கும். மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை 2018-ல் மத்திய அரசு திருத்திய உதவித்தொகை விதிகள் ஒதுக்கிவிட்டன. ஆகவே, "கலந்தாய்வு வேண்டாம், நேரா வாங்க, ஸ்காலர்ஷிப்ல பாத்துக்கலாம்" என்று வீடு தேடி வரும் ஏஜென்ட்டை நம்ப வேண்டாம். கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அந்த உரிமை.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது

இவ்வளவு வரலாறும் கடைசியில் ஒரு விருப்பப் பட்டியலில் வந்து நிற்கிறது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, யாரோ சொன்ன வரிசையில் பட்டியலைப் போட்டுவிட்டு வருகிறார்கள் நம் பிள்ளைகள். அங்கேயும் ஒரு பயம் வேலை செய்கிறது. "பெரிய காலேஜை மேலே போட்டா, கிடைக்காம போயி, கீழே உள்ளதும் போயிடும்."

அப்படிப் போகாது. தரவரிசையில் உன் முறை வரும்போது, உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். முதலில் இருப்பது இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதால் அடுத்ததில் உனக்கான வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. எழுதாமல் விட்டால்தான் இழப்பு. மனதில் இருக்கும் வரிசையை அப்படியே எழுது. நீண்ட பட்டியலாக எழுது.

பொது ரேங்க் பெரிய எண்ணாக இருக்கிறதே என்று பயப்படாதே. உன் சமூகப் பிரிவு ரேங்கைப் பார். போன ஆண்டு அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், எஸ்.சி. பட்டியலில் கடைசியாக யார் சேர்ந்தார் என்று பார். அருந்ததியராக இருந்தால் உன் உள் ஒதுக்கீடு சான்றிதழில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாவற்றையும் நேரத்தோடு பதிவேற்று. உன் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் எவரிடமும் கொடுக்காதே. உன் பட்டியலை உனக்குத் தெரியாமல் மாற்ற அது போதும்.

மாணவர் அமைப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன், ஜூலையில் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு லேப்டாப்போடு இரண்டு பேர் உட்காருங்கள். பேனர் வேண்டாம், மேடை வேண்டாம். 12-ல் 1 என்ற காலத்திலிருந்து இங்கே வந்து சேர ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. போராடி வாங்கிய இடம், ஒரு சான்றிதழ் இல்லாததாலோ, ஒரு கல்லூரியின் பெயரை எழுதப் பயந்ததாலோ காலியாகப் போகக் கூடாது. 18 ஏன் இன்னும் 18 என்ற கேள்வியையும் அந்த மேசையிலிருந்தே எழுப்புவோம்.

ஜெய் பீம்.